அலுவலுக்கு வந்தவரும் அங்காடி வீதியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய அவையில் கடைத்தெருவைப் பற்றிய பேச்சுக்கு என்ன வேலை என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். தமிழிலக்கியம் கடைத்தெருவை ஒருபோதும் தாழ்வாக எண்ணியதில்லை. பகலில் கூடும் சந்தைக்கு நாளங்காடி என்றும், இரவில் கூடும் சந்தைக்கு அல்லங்காடி என்றும் தனித்தனிப் பெயரிட்டு, இரண்டின் ஓசையையும் ஒளியையும் வேறுபடுத்திக் காட்டுகிறது மதுரைக்காஞ்சி. மிகுதியாகப் பெறாமலும் குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்த புகார் நகரத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. வள்ளுவர் வணிகனுக்குரிய அறத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். தராசு முனைக்கும் நீதிமன்றத்துக்கும் ஒரே அறம் என்பது அவர் கொண்ட முடிபு.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அது மதுரையின் கடைவீதிகளை ஓர் அயலூரானின் கண்கொண்டு காட்டுகிறது. கோவலன் யார்? பெருநகர் ஒன்றில் தொழில் தொடங்க வந்த வெளியூர் வணிகன். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு, நகரைக் காண அவன் தனியே புறப்படுகிறான். ஊர்காண் காதையில் மணி விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி விற்கும் வீதி, கூலம் விற்கும் வீதி என ஒவ்வொன்றும் அவன் முன் விரிகின்றது. கண்டு மகிழ்ந்து அவன் மீள்கிறான். பின்னொரு நாள் அதே நகரில், ஒரு சிலம்பை விற்பதற்காக, வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன் ஒருவனை நம்புகிறான். அந்த நம்பிக்கையின் விலை என்னவாயிற்று என்பது தமிழறிந்தோர் அனைவரும் அறிந்ததே.

எனவே, அலுவல் காரணமாகப் பெருநகர் செல்பவர் எங்கே பொருள் வாங்குவது என்னும் வினா மேலோட்டமாகப் பார்ப்பதற்கு எளியதாக இருப்பினும், அதன் அடியில் அறம் பற்றிய வினா ஒன்று இருக்கின்றது. முன்பின் அறியாத ஊரில் யாரை நம்புவது என்பதே அது. சென்னை மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோர்க்குச் சில செய்திகள் புலப்படும்.

மூன்று இன்மைகள்

சுற்றுலா வந்தவர் வேறு, அலுவலுக்கு வந்தவர் வேறு. அலுவலுக்கு வந்தவரிடம் மூன்று குறைகள் உண்டு. முதலாவது பொழுதின்மை. பகல் முழுவதும் அலுவலகத்திலோ, நீதிமன்றத்திலோ, மொத்த வணிகரின் கிட்டங்கியிலோ கழிந்துவிடுகிறது. மாலை ஆறு மணிக்கும் இரவு இரயிலுக்கும் இடைப்பட்ட இரண்டு மணி நேரமே அவருடையது. இரண்டாவது பழக்கமின்மை. எந்தத் தெருவில் எது கிடைக்கும், நியாயமான விலை எது என்பது உள்ளூரார்க்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது. மூன்றாவது மீட்சியின்மை. வாங்கிய சேலையில் இழை அறுந்திருப்பது மறுநாள் காலை மதுரையிலோ நெல்லையிலோ பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும். திரும்பக் கொடுப்பதற்கு அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்ய இயலுமா? கோவலனைக் கெடுத்தவை இவற்றுள் பின்னிரண்டும் ஆகும்.

இம்மூன்று இன்மைகளுக்கும் சென்னையின் கடைவீதிகள் எவ்வாறு ஈடு செய்கின்றன, எங்கே ஈடு செய்யாது விடுகின்றன என்பதை வரிசையாகக் காணலாம்.

பொழுதும் தெருவும்

பழைய சென்னையின் வாணிக நெஞ்சம் பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுன். சிலப்பதிகார மதுரையைப் போலவே அங்கும் தெருவுக்கு ஒரு பொருள் என்னும் முறை இன்றளவும் அழியாமல் உள்ளது. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழும், இராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துச் சரக்கு, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் பொன்னும் பூவும் என அவை பிரிந்து நிற்கின்றன. பொழுது குறைந்தவருக்கு இம்முறை பேருதவி. ஒரே பொருளை விற்கும் பத்துக் கடைகள் அடுத்தடுத்து இருப்பதனால் நான்கு கடைகளில் விலை கேட்பதற்கு அரை மணி நேரம் போதும். ஒரு கடைக்காரர் விலையை ஏற்றிச் சொன்னால் அண்டைக் கடை அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். அயலூராருக்கு இல்லாத பழக்கத்தை அந்தத் தெருவே அவருக்கு இரவல் தருகின்றது.

ஆயினும் அது மொத்த வணிகரின் உலகம். அந்திக்குப் பின் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலானவை அடைத்தே கிடக்கும். ஆதலால் அங்கே செல்ல விரும்புவோர் பகலில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக் கொள்வதே தக்கது. விமான நிலையத்திலிருந்து அண்ணா சாலை வழியாக விம்கோ நகர் செல்லும் மெட்ரோ இரயில் உயர் நீதிமன்றத்திலும் மண்ணடியிலும் நிற்கின்றது. 2019இல் இப்பகுதி திறக்கப்பட்ட பின்னர், அண்ணா சாலை அலுவலகங்களுக்கு வருவோர் நெரிசலில் சிக்காமல் பாரிமுனையை அடைய முடிகின்றது.

மாலைக்குப் பிறகு அல்லங்காடியாக விளங்குவது தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால் 1920களில் எழுந்த இந்தக் குடியிருப்பு, இன்று நாட்டின் பெருங்கடைவீதிகளுள் ஒன்று. எழும்பூரில் தங்கியிருப்பவர் தாம்பரம் செல்லும் புறநகர் இரயிலில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கி இரங்கநாதன் தெருவுக்குள் கால் வைக்கலாம். அந்தத் தெருவின் நெரிசலுக்கு அஞ்சுவோர்க்கு, மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறக்கப்பட்ட நடைமேம்பாலம் ஒரு மாற்று வழி. பாண்டி பஜாரில் 2019இல் நடப்போருக்கென அகலமான நடைபாதை அமைந்தது. ஆடித் தள்ளுபடிக் காலத்திலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் அங்கே இரண்டு மணி நேரத்தில் வேலையை முடிக்க எண்ணுவது வீண். அந்நாள்களில் எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் நிலையமும், அதனை அடுத்துத் துணிகளைக் குவித்து விற்கும் சிறு கடைகளும் பொழுதைக் காக்கும்.

கொடியும் முத்திரையும்

சிலப்பதிகாரப் பொன் வீதியில் ஒரு நுட்பமான செய்தி உண்டு. அங்கே விற்கப்பட்ட பொன் நான்கு வகைப்படும். வாங்க வருவோர் மயங்காதபடி இன்ன வகை இங்கே கிடைக்கும் என்று அறிவிக்கும் கொடிகள் கடைகளின்மீது பறந்தன. வெளியூரானின் அறியாமையை ஆதாயமாகக் கொள்ளாமல், அறிவிப்பின்மூலம் அதனைப் போக்கிய வீதி அது.

இன்று அந்தக் கொடியின் இடத்தில் முத்திரை இருக்கின்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஹால்மார்க் முறை, 2021 ஜூன் முதல் மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் முத்திரை பெறும் ஒவ்வொரு பொன் நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளம் பொறிக்கப்படுகின்றது. அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் அந்த அடையாளத்தை இட்டால் நகையின் தூய்மை தெரிந்துவிடும். 916 என்னும் எண் ஆயிரம் பங்கில் 916 பங்கு தூய பொன் என்பதைக் குறிக்கும். அதுவே இருபத்திரண்டு காரட். இருப்பினும் முத்திரை உரைப்பது பொன்னின் தரத்தை மட்டுமே. சேதாரமும் செய்கூலியும் எவ்வளவு, பதித்த கல்லின் எடை பொன்னின் எடையோடு சேர்ந்துவிட்டதா என்பவற்றை வாங்குவோரே கேட்டறிய வேண்டும். ஓடும் இரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் நகை வாங்குவது எவ்வகையிலும் அறிவுடைமை ஆகாது.

பட்டுக்கும் இத்தகைய முத்திரை உண்டு. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் வந்த பட்டு முத்திரை, துணி தூய பட்டு என்பதற்குச் சான்று. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. முத்திரையில்லாத இடத்தில் பழைய சோதனை ஒன்று துணை செய்யும். முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்து எரித்தால், பட்டாயின் மயிர் கருகும் மணம் வரும். சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழையாயின் உருகிக் கட்டியாகும். இச்சோதனைக்கு முகம் சுளிக்காத கடைக்காரர் நம்பத் தக்கவர். தன் பொருளைச் சோதிக்க இடம் தருவதே இன்றைய வணிகர் ஏற்றும் கொடி.

மீட்சி இல்லாதவரின் காப்பு

வாங்கியதைத் திருப்பித் தர வரமாட்டார் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்ட வாடிக்கையாளரே வெளியூரார். ஏமாற்ற எண்ணும் வணிகருக்கு இதைவிட ஏற்ற இரை கிடையாது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பட்டியலில் அச்சிட்டுவிட்டால் கதை முடிந்தது என்னும் எண்ணமும் பரவலாக இருக்கின்றது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வேறு விடை தருகின்றது. பட்டியல் தராமல் விற்பதையும், குறையுள்ள பொருளைப் பட்டியலில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு குறிக்காவிடில் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் அது முறையற்ற வணிகம் என்கிறது. முன்பு வாங்கிய ஊரிலேயே வழக்குத் தொடுக்க வேண்டியிருந்த நிலையை மாற்றி, நுகர்வோர் தாம் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே முறையிடவும் அச்சட்டம் வழி செய்தது. வெளியூராரின் மூன்றாம் இன்மையை முதன்முறையாகக் கருத்திற்கொண்ட சட்டம் என்று இதனைச் சொல்லலாம். ஆனால் அதற்குப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். சிறு தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுப் பட்டியலை விட்டுவருபவர் தம் கவசத்தைத் தாமே கழற்றிக் கொடுத்தவர் ஆகிறார்.

பாரிமுனையில், பர்மாவிலிருந்து 1960களில் தாயகம் திரும்பிய தமிழர்கள் வாழ்வு தேடி அமைத்த பர்மா பஜார் உள்ளது. நாடிழந்து வந்தோர் நடைபாதையில் எழுப்பிய அந்தக் கடைவரிசை தன்னளவில் ஒரு வரலாறு. எனினும் மின்கருவிகளைப் பட்டியலின்றி வாங்குவோர், பழுது நேர்ந்தால் முறையிட இடமில்லை என்பதை முன்கூட்டியே அறிந்து வாங்குதல் நலம். பூ, பழம், குடை, கைக்குட்டை போன்றவற்றுக்கு இக்கவலை வேண்டா. நடைபாதை வணிகரும் திருடர் அல்லர். அவர்தம் வாழ்வுரிமையை 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் ஏற்றுள்ளது. பெருங்கடையில் அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு, முழம் பூவுக்குப் பூக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு வழக்காடுவது எந்த வகை நீதி என்பதை அவரவர் நெஞ்சே சொல்லும்.

வாங்கத் தக்கது எது?

எங்கே வாங்குவது என்பதற்கு முன்பாக எதனை வாங்குவது என்பதைத் தெளிதல் வேண்டும். மதுரைக்காரர் சுங்குடிச் சேலையைத் தியாகராய நகரில் வாங்கிச் செல்கிறார். காஞ்சிபுரத்துக்காரர் தம் தெருவில் நெய்த பட்டையே சென்னைக் கண்ணாடிப் பேழையில் கண்டு வியந்து வாங்குகிறார். ஊரிலிருந்து சென்னை வந்த பொருள், வழியில் பலர் கைமாறி, கடை வாடகையும் விளம்பரச் செலவும் ஏறி மீண்டும் ஊருக்கே திரும்புகின்றது. இடையில் தேய்ந்தது நெசவாளரின் கூலி. பெருநகரில் வாங்கத் தக்கவை, பெருநகர் மட்டுமே தரக்கூடியவை. கிடைத்தற்கரிய நாட்டு மருந்துச் சரக்கு, தொழிற்கருவி, உதிரி உறுப்பு, காகித வகை, இசைக்கருவி, நவராத்திரிக் காலத்து மயிலாப்பூர் மாடவீதிகளில் பல ஊர்ப் பொம்மைகளும் ஒருங்கே கூடும் கொலுச் சந்தை ஆகியவை இவ்வகையின.

இவை அனைத்தினும் மேலாகக் கவிஞர்களுக்கு வேண்டியது நூல். 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் அண்ணா சாலையில் இன்னும் நூல் விற்கிறது. ஆயினும் அச்சில் இல்லாத தமிழ் நூல்களைத் தேடுவோர்க்குப் புகல் பழைய புத்தகக் கடைகளே. ஒரு காலத்தில் அதற்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1900இல் திறக்கப்பட்டு, சென்ட்ரல் நிலையத்துக்கு அருகிலேயே இருந்ததால், இரயிலுக்குக் காத்திருந்த வெளியூர் வாசகர் எத்தனையோ பேருக்கு அது நூலகமாக விளங்கியது. 1985ஆம் ஆண்டு மே மாதத் தீயில் அது அழிந்தது. அவ்விடத்தில் இன்று புறநகர் இரயில் நிலையம் நிற்கின்றது. திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைகளும் மயிலாப்பூர் லஸ் முனையும் அந்த மரபின் எச்சங்கள். அலுவலைத் திட்டமிடும் உரிமை உள்ளவர்கள் பொங்கலை ஒட்டி வருவார்களாயின், 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியில் பல பதிப்பகத்தாரையும் ஒரே கூரையின்கீழ்க் காணலாம்.

இலக்கிய அன்பர்கள் மறக்கக்கூடாத மற்றோர் இடம் பார்க் டவுனை ஒட்டிய ஈவ்னிங் பஜார். குஜிலிக் கடை என வழங்கப்பெற்ற இந்த அந்திக் கடைத்தெருவில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மலிவுத் தாளில் அச்சான பாட்டுப் புத்தகங்கள் விற்கப்பட்டன. தீயும், வெள்ளமும், கொலையும், புதிதாய் வந்த இரயிலும் அவற்றுக்குப் பாடுபொருள்கள் ஆயின. குஜிலி நூல் என்று கற்றோர் இகழ்ந்த அவற்றை இன்று ஆய்வாளர் தேடித் திரிகின்றனர். ஊருக்குத் திரும்பும் எளியவர் மடியில் செருகிச் சென்ற காலணாப் பாட்டு, ஒரு காலத்தின் சான்றாக நிலைத்துவிட்டது. கடைவீதி இலக்கியத்தை விற்றது மட்டுமன்று, படைக்கவும் செய்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிற்பவர்களும் இருக்கையும்

இறுதியாக, அங்காடியின் மறுபக்கத்தில் நிற்பவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தியாகராய நகரின் பல மாடிக் கடைகளில் சேலையை விரித்துக் காட்டும் இளைஞரிலும் பெண்களிலும் பலர் தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வசந்தபாலன் இயக்கி 2010இல் வெளிவந்த அங்காடித் தெரு என்னும் திரைப்படம் அவர்கள் உண்டு உறங்கும் இடத்தையும், நாள் முழுவதும் நிற்கும் கால்களையும் தமிழருக்குக் காட்டியது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை தரவேண்டும், வாய்ப்புள்ள போது அமர இடமளிக்க வேண்டும் என்னும் கடமை கடை உரிமையாளர்மேல் சுமத்தப்பட்டது. உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பது நாணத்துக்குரியது. சட்டம் வந்தது என்பது ஆறுதலுக்குரியது.

நெல்லையிலிருந்து அலுவலாக வந்தவர், மகளுக்கு ஒரு பாவாடைத் துணி கேட்கிறார். எடுத்துக் காட்டும் பெண்ணின் பேச்சில் நெல்லை ஒலிக்கின்றது. இருவரும் அந்நகருக்கு அயலார். இருவரும் பிழைப்பின் பொருட்டு வந்தவர்கள். ஒருவர் அன்றிரவே ஊர் திரும்புவார். மற்றவர் அடுத்த பண்டிகை முடியும்வரை திரும்ப இயலாது. பெருநகரில் யாரை நம்புவது என்னும் வினாவோடு கடைக்குள் நுழைந்தவருக்கு, தம்மை நம்பியும் ஒருவர் எதிரே நிற்கிறார் என்பது அப்போது புலப்படக்கூடும். இருபது சேலைகளை விரிக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் எழுந்து போகாமை, பெயர் சொல்லி விளித்தாலும் ஏவல் சொல்லாமை, கடைக்குள் முக்காலி உண்டா என்று ஒருமுறை நோக்கி, இல்லையாயின் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு வருதல் ஆகியவை வாங்குவோர் பக்கத்து நடுவுநிலைமை ஆகும்.

இளங்கோவடிகள் மதுரை வீதிகளை அத்துணை விரிவாகப் பாடியதனால்தான் அவை இன்றும் வாழ்கின்றன. காய்கறி மணம் கமழ்ந்த கொத்தவால் சாவடியின் மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்துவிட்டது. மூர் மார்க்கெட் சாம்பலாகிவிட்டது. எஞ்சியிருக்கும் தெருக்களும் என்றும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அடுத்த முறை அலுவல் நிமித்தம் சென்னை செல்லும் இந்த வட்டத்துக் கவிஞர்கள் வாங்கும் பொருளுக்குப் பட்டியல் பெற்று வருவதோடு, கண்ட தெருவுக்கு ஒரு கவிதையும் எழுதி வருவார்களாக. வட்டத்தின் அடுத்த மலர் அக்கவிதைகளால் நிறைவதாகுக.